நடுவரின் மௌனமும் பேரேட்டின் பாரமும்

பிரஷ்யப் பீரங்கிப்படை லெப்டினன்ட் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டையும், நியூயார்க்கின் எஸ்.பி.ஐ. நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா'வையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பது முதலில் பொருந்தாத வேலையாகத்தான் தோன்றும். முன்னதில் ஆடுபவருக்கு விதி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்னதில் விதி தெரியாமல் ஒரு லாரியைக்கூட நகர்த்த முடியாது. முன்னது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். பின்னதை ஆடி முடிக்க 1,500 மணி நேரம் பிடிக்கும் என்பது பரவலான மதிப்பீடு. ஓர் அரசு தன் ராணுவம் முழுக்கப் பரப்பிய பயிற்சி முறை ஒன்று. அட்டைப்பெட்டியில் அடைத்துப் பொழுதுபோக்குக்காரர்களுக்கு விற்ற சரக்கு மற்றொன்று. ஆனாலும் இரண்டும் தந்த வாக்கு ஒன்றேதான்: போர் உண்மையில் எப்படி நடக்குமோ அப்படியே மேசையில் நடக்கும். அந்த வாக்கை இவை எந்த வழியில் காப்பாற்றின, எங்கே நழுவவிட்டன என்று பார்க்கும்போது, வேற்றுமைகளைவிட உறவுகளே நம்மை அதிகம் வியக்க வைக்கின்றன.

ஆடுபவரின் கண்ணிலிருந்து தொடங்குவோம். கிரீக்ஸ்பீலில் அமர்ந்த அதிகாரி முன்னால் 1:8000 அளவில் வரைந்த நிலப்படம் இருக்கிறது. மேடு, பள்ளம், தோப்பு, ஓடை எல்லாம் அதில் துல்லியமாகத் தெரியும். தெரியாதது எதிரி மட்டுமே. அந்த அதிகாரியின் படைகள் எதைக் காணும் என்று நடுவர் முடிவு செய்கிறாரோ, அதற்குரிய காய்கள் மட்டும் படத்தின் மேல் வரும். ஆணையைக் காகிதத்தில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். குதிரைவீரன் அதைச் சுமந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நடுவர் அதைக் கையிலேயே வைத்திருப்பார். தூது அனுப்பிய அதிகாரி காத்திருக்கிறார், பதில் வரவில்லை. ஆள் வழியில் செத்தானா, ஆணை தவறான தளபதியிடம் போனதா, அல்லது எல்லாம் சரியாக நடந்து சொல்ல ஒன்றுமில்லாமல் போனதா? நடுவரின் மௌனத்துக்கு இந்த மூன்று பொருளும் உண்டு. எது என்று கண்டுகொள்வதுதான் அங்கே ஆட்டம்.

வட ஆப்பிரிக்கா ஆட்டத்தில் எதுவும் மௌனமாக இருப்பதில்லை. ஏறத்தாழ 1,600 அட்டைக் காய்கள். மேசை போதாமல் தரையில் விரிக்க வேண்டிய, பத்து அடிக்கு நெருங்கிய வரைபடம். அதில் அறுகோணக் கட்டங்கள். எதிரியின் காய்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. எங்கோ ஒன்று இருக்கிறது என்பதாவது உறுதியாகத் தெரியும். தன் பக்கத்தில் தெரியாதது என்று எதுவுமே கிடையாது. எரிபொருள், குடிநீர், வெடிமருந்து, உணவு, பழுதான டாங்கிகள், விமானம் ஓட்டுபவர்கள் என எல்லாவற்றுக்கும் தாள்கள் உண்டு. ஒவ்வொரு தாளையும் ஆடுபவர்தான் நிரப்ப வேண்டும். இங்கே ஆட்டம் என்பது தெரிந்ததைத் தாங்குவது.

ஆக, ஒன்று தளபதியின் அறியாமையை நமக்குக் கொடுக்கிறது. மற்றது வழங்கல் அதிகாரியின் அறிவைக் கொடுக்கிறது. இரண்டுமே போரின் மெய்யான பகுதிகள்தான். 1806-இல் யேனாவில் தோற்ற பிரஷ்யாவுக்கு, எதிரி எங்கே என்று தெரியாமல் முடிவெடுக்கும் பழக்கம் தேவைப்பட்டது. பாலைவனப் போரைப் புரிந்துகொள்ள விரும்பியவருக்கு, ஜெர்மன் தளபதி ரோம்மல் ஏன் ஓரிடத்தில் நின்றார் என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது. அந்த விடை பெரும்பாலும் வீரத்தில் இல்லை, லாரிகளில் இருக்கிறது. டிரிபோலி துறைமுகத்தில் இறங்கிய எரிபொருள் பெங்காசிக்குப் போகவே சாலையில் சுமார் 1,000 கி.மீ. ஓட வேண்டும். அதைச் சுமந்து போகும் லாரியும் எரிபொருள் குடிக்கும். முன்னேற முன்னேற, கொண்டுவருவதில் பெரும்பங்கை வண்டிகளே தின்றுவிடும். வரலாற்றாசிரியர் மார்ட்டின் வான் கிரெவல்ட் 1977-இல் எழுதிய நூலில் ரோம்மலுக்கு ஒதுக்கிய அத்தியாயம் இதைத்தான் வாதிடுகிறது. அவர் பக்கங்களில் சொன்னதை இந்த ஆட்டம் கூட்டல் கழித்தலாக நம் விரல்களில் ஏற்றுகிறது.

இவ்வளவு எதிரெதிரான இரண்டு முறைகள் எப்படிப் பிறந்தன? விடை நடுவரின் நாற்காலியில் இருக்கிறது. 1780-இல் பிரவுன்ஷ்வைகைச் சேர்ந்த ஹெல்விக் அமைத்த போர் விளையாட்டு சதுரங்கத்தின் வம்சம். அதில் நிலம் சதுரக் கட்டங்களாக இருந்தது. லெப்டினன்டின் தந்தையான மூத்த ரைஸ்விட்ஸ் அந்தச் சதுரங்களைப் பொய் என்று ஒதுக்கினார். 1812-இல் அவர் பிரஷ்ய மன்னருக்கு அளித்த மேசை, மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய நிலத்துண்டுகளால் ஆனது. மகன் அதையும் கைவிட்டு நேராக நிலப்படத்துக்கே வந்தார். கட்டம் போய்விட்டது, ஆற்றங்கரை வளைந்தபடியே வளைந்தது, படை நின்ற அகலமே காயின் அகலம் ஆனது. ஆனால் கட்டம் இல்லாத இடத்தில் தூரத்தை யார் அளப்பது? அந்தப் புதர் பார்வையை மறைக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? சச்சரவு தீர்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. கட்டம் அழிந்த இடத்தில் நடுவர் வந்து உட்கார்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பொழுதுபோக்கு ஆட்டம் இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தது. சார்ல்ஸ் ராபர்ட்ஸ் 1954-இல் சதுரக் கட்டங்களோடு தொடங்கினார். 1961 வாக்கில் அவருடைய ஆவலான் ஹில் நிறுவனம் அறுகோணங்களுக்கு மாறியது. நண்பர்கள் இருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆட வேண்டிய பண்டம் அது. மூன்றாவதாக ஒருவரை, அதுவும் போர்க்கலை தெரிந்து பக்கச்சார்பு இல்லாமல் ஆறு மணி நேரம் தான் ஆடாமல் உட்காரக்கூடிய ஒருவரை, எங்கே தேடுவது? எனவே நடுவரைக் கட்டங்களுக்குள்ளும் விதிகளுக்குள்ளும் கரைத்தார்கள். காய்க்கும் காய்க்கும் இடையே எத்தனை அறுகோணம் என்று எண்ணிவிட்டால் சண்டைக்கு இடமில்லை. மூத்த ரைஸ்விட்ஸ் பொய் என்று எறிந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டது பின்னடைவுபோலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆள் கிடைக்காத இடத்தில் அறுகோணமே நடுவர்.

வட ஆப்பிரிக்கா விதிநூலின் புகழ்பெற்ற தடிமனுக்கும் காரணம் இதுவே என்று கருதுகிறேன். அதை வடிவமைத்த ரிச்சர்ட் பெர்க்கின் பேராசை என்றே பலரும் அதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. பேராசையும் இருந்திருக்கும். ஆனால் கிரீக்ஸ்பீலின் நடுவர் தலையில் எத்தனை தீர்ப்புகள் எழுதப்படாமல் இருந்தனவோ, அத்தனையையும் எழுத்தாக்கினால் இதே தடிமன்தான் வரும். சேற்றில் குதிரைப்படை எவ்வளவு தாமதிக்கும், களைத்த பட்டாலியன் இன்னொரு முறை எழுந்து போகுமா, பாலம் தீப்பிடித்தால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்பதையெல்லாம் அனுபவசாலி நடுவர் ஒரு நொடியில் முடித்துவிடுவார். அதே நொடிக்கு விதிநூலில் முக்கால் பக்கம் ஆகும். மெய்ம்மையின் பாரம் இரண்டு ஆட்டத்திலும் ஏறத்தாழ ஒன்றே. சுமக்கும் தோள்தான் மாறியிருக்கிறது.

எண்களுக்கு வருவோம், ஏனென்றால் இரண்டும் தம் நம்பகத்தன்மையை எண்களின் மேல்தான் கட்டின. ரைஸ்விட்ஸ் கையாண்ட சுடுதிறன் கணக்குகள் பிரஷ்யத் தளபதி ஷார்ன்ஹோர்ஸ்ட் நடத்திய துப்பாக்கிச் சோதனைகளிலிருந்து வந்தவை. எத்தனை அடி தூரத்தில் எத்தனை குண்டு இலக்கில் படும் என்று உண்மையாகவே சுட்டுப் பார்த்து எழுதியவை. அதோடு அவர் நிறுத்தவில்லை. சோதனைத் திடலில் சுடுவது வேறு, பதில் குண்டு வரும்போது சுடுவது வேறு என்று அறிந்து, அந்த வேறுபாட்டைப் பகடையிடம் ஒப்படைத்தார். பகடை முகங்களில் வெறும் புள்ளிகள் இல்லை. நல்ல நிலையில் இருந்து சுட்டால் இத்தனை இழப்பு, மோசமான நிலையில் இத்தனை என்று முடிவுகளே பொறிக்கப்பட்டிருந்தன. புள்ளிவிவரமும் தற்செயலும் ஒரே கனசதுரத்துக்குள் அடங்கிய அந்த அமைப்பு, எனக்குத் தெரிந்த போர் விளையாட்டுக் கருவிகளில் மிக நேர்த்தியானது.

பெர்க்கின் எண்கள் வேறு ரகம். ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருளில் ஒரு பங்கு ஆவியாகப் போகும்; பிரிட்டிஷ் தரப்பில் அந்தப் பங்கு அதிகம். இது வேடிக்கைக்காகச் சேர்த்தது இல்லை. அந்தப் பாலைவனத்தில் பிரிட்டிஷார் பயன்படுத்திய மெல்லிய தகர டின்கள் ஒழுகின. ஜெர்மானியரின் 20 லிட்டர் கேன்கள் உறுதியாக இருந்தன. பிரிட்டிஷார் எதிரியிடமிருந்து அவற்றைக் கைப்பற்றிப் பயன்படுத்தி, பிறகு அதே வடிவத்தில் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். உலகம் முழுவதும் இன்று ஜெர்ரிகேன் என்று அழைக்கப்படும் அந்தப் பாத்திரம் ஒரு போரின் போக்கில் எவ்வளவு கனத்தது என்பதை, ஒவ்வொரு சுற்றிலும் பென்சிலால் கழித்தெழுதும் பிரிட்டிஷ் தரப்பு ஆட்டக்காரர் மறக்க மாட்டார்.

இதே விதிநூலில்தான் அந்தப் பிரபல பாஸ்டா விதியும் இருக்கிறது. இத்தாலியப் பட்டாலியன்கள் பாஸ்டா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் பெற வேண்டும். கிடைக்காவிட்டால் அவை சீர்குலையக்கூடும். ஆட்டமே ஆடாதவர்களுக்கும் தெரிந்த ஒரே விதி இது. பெர்க் அதைக் கேலியாகத்தான் சேர்த்தார், வரலாற்றுக்கு அதில் ஆதாரம் இல்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். (1940 டிசம்பரில் சிடி பரானியில் இத்தாலியரை முறியடித்தவர்களில் நான்காவது இந்திய டிவிஷனும் உண்டு. பாஸ்டா பானைக்குத் தனித் தண்ணீர் என்றால் சோற்றுப் பானைக்கும் ரொட்டி மாவுக்கும் என்ன கணக்கு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.)

ஒரு பொய் விதி, நூறு மெய் விதிகளைவிட ஆழமாக ஆடுபவரை அந்தப் பாலைவனத்துக்குள் இழுத்துப்போகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எரிபொருள் ஆவியாதல் உண்மை. ஆனால் அது சதவீதமாக நிற்கிறது. பாஸ்டா விதி பொய். ஆனால் அதில் ஓர் அடுப்பு எரிகிறது, ஒரு சமையல்காரன் வாளியோடு வரிசையில் நிற்கிறான். நடந்ததற்கு நேர்மையாக இருப்பதும் ஆடுபவரை அங்கே நிற்கவைப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பதை பெர்க்கின் கேலி தற்செயலாக நிரூபித்துவிட்டது. கிரீக்ஸ்பீலில் இதற்கு நேர்மாறு. ஷார்ன்ஹோர்ஸ்டின் எண்கள் அத்தனையும் உண்மை, ஆனால் ஆடுபவர் அவற்றில் ஒன்றையும் காண்பதில்லை. பகடை உருள்வது நடுவரின் பக்கத்தில். ஆடுபவரிடம் வந்து சேர்வது, இடது பக்கப் பட்டாலியன் பின்வாங்குகிறது என்ற ஒரு வரிச் செய்தி மட்டுமே. எண் மறைந்த இடத்தில்தான் அவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

காலத்தை இரண்டும் நடத்தும் விதம் இன்னும் விசித்திரம். கிரீக்ஸ்பீலில் ஒரு சுற்று என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிடம். நடுவர் கைதேர்ந்தவராக இருந்தால் மேசையின் நேரமும் களத்தின் நேரமும் நெருங்கி ஓடும். ஆடுபவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரியின் குதிரைப்படை குன்றைச் சுற்றி வந்துவிடும். வட ஆப்பிரிக்காவில் ஒரு சுற்று ஒரு வாரம். அந்த வாரத்தை ஆடி முடிக்கப் பல மாலைகள் ஆகலாம். மாதம் இருமுறை, முறைக்கு மூன்று மணி நேரம் என்று ஒரு குழு கூடினால் 1,500 மணி நேரம் கடக்க இருபது ஆண்டு ஓடிவிடும். 1940 செப்டம்பரில் இத்தாலியர் எகிப்துக்குள் நுழைந்ததிலிருந்து 1943 மே மாதம் துனிசியாவில் அச்சுப் படைகள் சரணடைந்ததுவரை மூன்று ஆண்டுகூட இல்லை. போரைவிட மெதுவாக நடக்கும் போர் விளையாட்டு! ஆனால் இந்த மெதுவிலும் ஒரு மெய்ம்மை ஒளிந்திருக்கிறது. பாலைவனப் போரின் பெரும்பகுதி சண்டை இல்லை, காத்திருப்பு. கப்பல் வருவதற்கும், லாரி திரும்புவதற்கும், பழுதுபார்த்த டாங்கி கிடைப்பதற்கும் காத்திருந்தார்கள். தூதன் திரும்பாத பதினைந்து நிமிடமும் கப்பல் வராத பதினைந்து நாளும் அளவில்தான் வேறு.

இங்கிருந்து இரண்டுக்குமான எதிர்பாராத உறவு தெளிவாகத் துலங்குகிறது. இரண்டுமே போர்க்களத்தை நடித்துக் காட்டுவதில்லை; போர் அலுவலகத்தை நடித்துக் காட்டுகின்றன. கிரீக்ஸ்பீல் அதிகாரி செய்வதெல்லாம் ஆணை எழுதுவது, அறிக்கை வாசிப்பது, படத்தின் மேல் விரல் வைத்து ஊகிப்பது. வட ஆப்பிரிக்கா ஆட்டக்காரர் செய்வதெல்லாம் இருப்புக் கணக்கு, வண்டிக் கணக்கு, தேவைப் பட்டியல். இவை போரின் குறியீடுகளாக நிற்பவை என்று சொல்லிவிட முடியாது. 1870-இல் பிரஷ்யத் தளபதி மோல்ட்கேயின் தலைமையகத்தில் இருந்தவர்களும் இதே வேலையைத்தான், ஏறத்தாழ இதே காகிதத்தில் செய்தார்கள். 1942-இல் கெய்ரோவில் வழங்கல் மேசையில் இருந்த பிரிட்டிஷ் மேஜரும் அப்படித்தான். குதிரைவீரனாக நடிப்பவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை மறக்க வேண்டும். தலைமையக அதிகாரியாக நடிப்பவன் எதையும் மறக்க வேண்டியதில்லை. உண்மையான அதிகாரியும் நாற்காலியில்தான் இருந்தார். படமோ ஒலியோ இல்லாத இந்த இரண்டு ஆட்டங்களும் ஆடுபவரை இவ்வளவு ஆழத்தில் இறக்குவதன் ரகசியம் இது என்று நினைக்கிறேன்.

அலுவலகம் என்றால் சக அலுவலர்களும் உண்டு. வட ஆப்பிரிக்கா பத்துப் பேருக்கு வடிவமைக்கப்பட்டது. பக்கத்துக்கு ஐந்து பேர். தலைமைத் தளபதி ஒருவர், வழங்கல் ஒருவர், பின்புலப் பகுதி ஒருவர், விமானப்படை ஒருவர், முன்னணி ஒருவர். முன்னணித் தளபதி எரிபொருள் கேட்பார், வழங்கல்காரர் இல்லை என்பார். எதிரியோடு போரிடுவதற்கு முன் சொந்தத் தரப்பிலேயே ஒரு போர் நடந்து முடிந்திருக்கும். ரோம்மலுக்கும் ரோமில் இருந்தவர்களுக்கும் இடையில் ஓடிய கடிதப் போக்குவரத்தை வாசித்தவர்களுக்கு இது புன்னகை வரவழைக்கும். கிரீக்ஸ்பீலும் ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று நிற்கவில்லை. மேலதிகாரி ஒருவர் பொதுத் திட்டம் சொல்ல, கீழதிகாரிகள் ஆளுக்கொரு படையை நடத்தலாம். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளக் கூடாது, எழுத வேண்டும். மேலதிகாரி எழுதிய வாக்கியம் தெளிவில்லாமல் இருந்தால் கீழதிகாரி தன் போக்கில் புரிந்துகொண்டு தவறான குன்றை நோக்கிப் போய்விடுவார். வட ஆப்பிரிக்காவில் உட்பகை பற்றாக்குறையால் வருகிறது, கிரீக்ஸ்பீலில் மோசமான உரைநடையால். இரண்டும் வரலாற்றில் ஏராளமான தோல்விகளுக்குக் காரணமாக இருந்தவை.

படைத்தவர்களிடமும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இதை ஊகமாகவே வைக்கிறேன். ரைஸ்விட்ஸ் பீரங்கிப்படைக்காரர்; தூர அட்டவணையோடு வாழ்ந்தவர். பெர்க் தொழிலால் குற்றவியல் வழக்கறிஞர். விதிவிலக்குக்கும் விதிவிலக்கு எழுதும் பயிற்சி அவருக்கு உண்டு. ஒருவர் போரை அளவையாகப் பார்த்தார், மற்றவர் சட்டமாகப் பார்த்தார். இருவரில் எவரும் பெரும் படை நடத்தியவர் இல்லை. ரைஸ்விட்ஸின் ஆட்டத்தைப் பார்க்கத் தயங்கித் தயங்கி வந்த ராணுவத் தலைமையகத்தின் தலைவர் மியூஃப்ளிங், கொஞ்ச நேரத்திலேயே இது விளையாட்டே இல்லை, போருக்கான பயிற்சி என்று வியந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பாராட்டு ரைஸ்விட்ஸைக் காப்பாற்றவில்லை. சகாக்களின் பொறாமைக்கு நடுவே டோர்கௌவுக்கு மாற்றப்பட்டு, 1827-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இரண்டும் ஒருசேர விட்டுவிட்டது ஒன்று இருக்கிறது: உடல். கிரீக்ஸ்பீலில் மனித இழப்பு காயை மாற்றி வைப்பதில் முடிகிறது. வட ஆப்பிரிக்காவில் தாகம் தண்ணீர்ப் புள்ளிகளில் முடிகிறது. ஆயிரம் விதி எழுதிய பெர்க்கும் பயத்துக்கு ஒரு விதி எழுதவில்லை. மன உறுதி என்ற எண்ணோடு நிறுத்திக்கொண்டார். அலுவலகத்தை நடிக்கும் ஆட்டத்தில் இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். தலைமையகத்துக்கும் மரணம் எண்ணாகத்தானே வருகிறது? அதனால் இந்த விடுபடலையே மெய்ம்மை என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதம் கொஞ்சம் வசதியானது என்ற உறுத்தலும் எனக்கு உண்டு.

குறைகளிலும் இவை ஒன்றுக்கொன்று கண்ணாடி பிடிக்கின்றன. நடுவரை நம்பிய முறையில், நடுவர் தவறினால் எல்லாம் தவறும். ரைஸ்விட்ஸின் அட்டவணைகள் வேகத்தைக் கெடுக்கின்றன என்று 1870-களில் முறையீடு எழுந்தது. பிரஷ்ய அதிகாரி மெக்கெல் விதிகளைத் தளர்த்தச் சொன்னார். 1876-இல் மற்றோர் அதிகாரியான ஃபெர்டி டு வெர்னுவா பகடையையும் அட்டவணையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு அனுபவசாலியின் தீர்ப்பே போதும் என்றார். ஆட்டம் சுறுசுறுப்பானது உண்மை. ஆனால் நடுவரைத் தட்டிக் கேட்க அங்கே எண் எதுவும் மிஞ்சவில்லை. 1885-இல் இதே மெக்கெல் ஜப்பான் ராணுவத்துக்குக் கற்றுக்கொடுக்கப் போனார். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படை ஒரு மேசைப் போர் நடத்தியது. அதில் தங்கள் விமானந்தாங்கிகள் மூழ்கியதாகப் பகடை காட்டியபோது, நடுவராக இருந்த உகாகி அந்த எண்ணைக் குறைத்துக் கப்பல்களை மீட்டுக்கொண்டார் என்று ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஃபுச்சிதா தம் நூலில் பதிந்திருக்கிறார். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்தக் கப்பல்கள் உண்மையிலேயே மூழ்கின. மெக்கெல் சென்றது தரைப்படைக்கு, இது கடற்படை. எனவே நேர்வாரிசு என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் அதே நோய்தான்.

விதிநூலுக்கு இந்த நோய் வராது. உகாகி போன்ற ஒருவர் பேரேட்டைத் திருத்த நினைத்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடுவார். அதற்கு வரும் நோய் வேறு: எழுதியது தவறென்றால் அந்தத் தவறு அப்படியே நிலைத்துவிடும். வட ஆப்பிரிக்கா ஆட்டத்தை வெளியீட்டுக்கு முன் முழுமையாகச் சோதிக்கவே இல்லை. சமநிலை சரியில்லை என்று யாராவது புகார் சொன்னால் நீங்கள் ஆடியது தவறு, இன்னொரு முறை ஆடிப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்ற தொனியில் பெர்க் பின்னாளில் வேடிக்கையாகப் பேசியிருக்கிறார். இன்னொரு முறை என்றால் இன்னொரு இருபது ஆண்டு! இரண்டாவது நோய் பின்னறிவு. ரோம்மல் எதில் தடுக்கி விழுந்தார் என்று ஆடுபவருக்கு முன்பே தெரியும். அதனால் ரோம்மல் செய்யாத எச்சரிக்கையோடு ஆடுவார். கிரீக்ஸ்பீலில் நடந்திராத ஒரு போர், பெயரில்லாத இரண்டு படைகள். பின்னறிவு ஒட்டிக்கொள்ள அங்கே இடமே இல்லை. வரலாற்றை ஆடாததால்தான் அது வரலாற்று மனிதர்களின் நிலைக்கு அருகே போகிறது.

கணினி வந்தபோது இரண்டு குறையும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. களைப்பில்லாத, பக்கச்சார்பில்லாத நடுவர். தப்புக் கணக்குப் போடாத கணக்கர். 2010-இல் வந்த கேரி கிரிக்ஸ்பியின் 'வார் இன் தி ஈஸ்ட்' கிழக்கு முனையின் பீரங்கிகளையும் ஆட்களையும் எரிபொருளையும் பெர்க் கனவிலும் காணாத நுணுக்கத்தோடு கணக்கிடுகிறது. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் வழங்கல் முடிந்துவிடுகிறது. லாரிக் கணக்கு சரியாக இருக்கிறது, நம் விரலுக்குத்தான் அது எட்டுவதில்லை. பெர்க்கின் ஆட்டத்தில் ஆடுபவரை ஒன்றவைத்தது விடையைவிட அதை வரவழைத்த உழைப்பு என்பது அப்போதுதான் தெரிய வருகிறது. மறுபக்கம், 2019-இல் வந்த 'ரேடியோ கமாண்டர்' ரைஸ்விட்ஸின் மேசையைத் திரைக்குக் கொண்டுவந்தது. வியட்நாமில் எங்கோ இருக்கும் படைகள் வானொலியில் பேசும். கேட்டதை வைத்துக் காயை எங்கே வைப்பது என்று ஆடுபவரே ஊகிக்க வேண்டும். மௌனம் அங்கே பத்திரமாகப் பிழைத்திருக்கிறது. கணினிக்கு அலுவலகத்தின் கணக்கைவிட அலுவலகத்தின் பதற்றத்தைக் கடத்துவது எளிதாக இருந்திருக்கிறது. நான் இதை எதிர்பார்க்கவில்லை.

எழுத்தில் இவை வாழும் விதமும் வேறு. 1983-இல் பில் லீசன் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த 1824 விதிநூலை வாசித்தால் அட்டவணைகளும் அளவைகளும் மட்டுமே கிடைக்கும். வயிறு பிசையும் அனுபவம் அதில் எங்கும் எழுதியிருக்காது, நல்ல நடுவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் அது பிறக்கும். வட ஆப்பிரிக்கா விதிநூலை வாசித்தால், ஒரு காயும் நகர்த்தாமலே, பாதி அனுபவம் கைக்கு வந்துவிடும். ஆடி முடித்தவர்கள் அரிதான ஓர் ஆட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படுவது இதனால்தான். மாலைப்பொழுதும் ஆறு நண்பர்களும் கிடைத்தால் நான் முன்னதைத் தேர்ந்தெடுப்பேன். யாரும் கிடைக்காத நாளில் பின்னதன் எரிபொருள் விதியைத் திறந்துவைத்து, டிரிபோலியில் நிரப்பிய ஒரு லாரி தோப்ரூக்கை அடையும்போது அதில் எத்தனை கேன் மிஞ்சும் என்று பென்சிலால் கழித்துப் பார்ப்பேன்.